முதலில் சின்னதில்

சக்கரங்களைப் பொருத்திய அன்று மாலை, தெருமுனை வேகத்தடையில் ஏதோ வண்டியின் அடிவயிறு உரசும் சத்தம் கேட்டது.

விளக்கை அணைக்கப் போன அவள் கை அப்படியே நின்றது. தகரம் கல்லில் இழுபடும் சத்தம், நீளமாக வந்து, கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கடைசியில் ஒரு 'டக்'. பின்சக்கரம் மேட்டிலிருந்து இறங்கும்போது வருவது அது. அந்தத் தெருவில் எத்தனையோ வண்டிகள் போகின்றன. வயிறு உரசிப் போகும் வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இப்போது ஊருக்கு வெளியே ஒரு பட்டறைக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், சக்கரங்கள் கழற்றப்பட்டுச் செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. அதை ஓட்டியவன் அவள் மகன். அவன் போன மழைக்காலத்தில் செத்துப்போனான்.

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். ஈரத் தெரு. கம்பத்து விளக்கின் மஞ்சள் வெளிச்சம் தண்ணீரில் உடைந்து கிடந்தது. யாரும் இல்லை.

மேசைக்குத் திரும்பினாள். சின்ன வண்டி அங்கேதான் இருந்தது. ஒரு சாண் நீளம். கறுப்பு. ஒரு வருஷமாக மரக்கட்டை மேல் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல்தான் அன்று அதைக் கையில் எடுத்தாள். நான்கு சக்கரங்களும் டப்பாவிலேயே தயாராக இருந்தன. எவ்வளவு தாழ்வாக உட்கார வேண்டும் என்று அவன் அச்சில் கோடு கிழித்து வைத்திருந்தான். கோட்டில் வைத்து ஒட்டினாள். அவ்வளவுதான் செய்தாள்.

அவளுக்குப் பல் கட்டும் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, ஈறு வைத்து, பளபளப்பாக்கிக் கொடுப்பாள். பகலில் லேப்பில். மிச்ச வேலை வீட்டில், இந்த மேசையில். மேசையின் மறுபக்கம் அவனுடையது. அவளுடைய ரம்பம், அவளுடைய துளைக் கருவி, அவளுடைய உருப்பெருக்கிக் கண்ணாடி எல்லாம் சாயங்காலமானால் அந்தப் பக்கம் போய்விடும்.

எங்கோ ஒரு பழைய இரட்டைக் கதவு காரை, துருப்பிடித்துக் கிடந்ததை, வாங்கி வந்திருந்தான். கூடவே அதே காரின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று. வெட்டுவதோ தாழ்த்துவதோ, எதுவானாலும் பிளாஸ்டிக்கில் செய்து பார்த்துவிட்டுத்தான் இரும்பில் கை வைப்பான். "முதல்ல சின்னதுல. அப்புறம்தான் பெருசுல," என்பான். சின்னதில் சரியாக வந்ததை மறுவாரமே பட்டறையில் பெரியதில் செய்துவிடுவார்கள், அவனும், ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் அவன் சிநேகிதனும்.

கூரையைத் தாழ்த்தியதும் அப்படித்தான். ஜன்னல் தூண்களில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மேல்பாதியை இறக்கி ஒட்டினான்.

"என் ரம்பத்த எடுத்தியாடா?"

"கழுவி வச்சிட்டேன்மா."

"அது பல்லுக்கு உள்ளது. நாளைக்கு யாரோ வாயில உன் காரு தூள் போகப்போகுது."

"போகட்டும். சிரிக்கும்போது உறுமும்."

ஸ்ட்ரீட் மெஷின் என்று அதற்குப் பேர் சொன்னான். மெஷின் என்றால் துணியாவது துவைக்க வேண்டாமா, இது என்ன செய்யும் என்று கேட்டாள். "பாக்குறவன் வயிறு எரியும்," என்றான். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு பெயிண்ட் இருக்கும். சோறு தின்னும்போதும் இருக்கும். திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

பெரிய வண்டியின் கூரையை இறக்கியதும் அவளை உட்காரவைத்துத் தெருவைச் சுற்றினான். அவன் நெட்டை. தலைமுடி கூரையை உரசியது. கழுத்தை மடக்கித்தான் ஓட்டினான். ஜன்னல்கள் தபால்பெட்டி வாய் மாதிரி ஆகியிருந்தன.

"கூரைக்கும் உன் தலைக்கும் நடுவுல ஒரு விரல் நுழையாதுடா."

"விரல் எதுக்கு நுழையணும்? நான் நுழைஞ்சா பத்தாதா?"

கடைசியாகக் கதவுக் கைப்பிடிகள். வெளியே எதுவும் துருத்தக்கூடாது, உடம்பு மழமழவென்று இருக்க வேண்டும் என்றான். கிட்டில் கதவு திறக்காது. உடம்போடு ஒன்றாக வார்த்தது. கதவு என்பது சுற்றி ஓடும் ஒரு பள்ளக் கோடுதான். அதில் கைப்பிடி இருந்த இடத்தை மட்டும் சீவி எடுத்தான். குழி விழுந்தது.

"உன் ஈறு மாவு கொஞ்சம் குடும்மா. பட்டிய விட அது நல்லா நிக்கும்."

பல் செட்டுக்கு ஈறு வைக்கும் ரோஸ் பொடி அது. திரவம் ஊற்றிக் குழைத்தால் இறுகும். அவளே குழைத்துக் கொடுத்தாள். அவளே தேய்த்தும் கொடுத்தாள். மேலே கறுப்பு அடித்த பிறகு, கைப்பிடி என்று ஒன்று இருந்த அடையாளமே தெரியவில்லை. மறுவாரம் பெரியதிலும் எடுத்தார்கள். ஸ்பேனர் தகடு வைத்துப் பற்றவைத்து, சாம்பல் பட்டி பார்த்து, ஒயர் இழுத்தான். சட்டைப்பையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கதவு துள்ளித் திறக்கும். உள்பக்கக் கைப்பிடியையும் எடுத்துவிட்டார்கள். அங்கேயும் பொத்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், அவன் ஓட்டும்போது வளைவில் சறுக்கி, சாலையோரக் குட்டையில் பாதி முங்கியது வண்டி. பாட்டரி செத்தது; பொத்தான்களும் செத்தன. ஸ்பேனர் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தான். நாலைந்து பேர் தண்ணீரில் இறங்கினார்கள்.

"எங்க புடிக்கிறதுன்னே தெரியலம்மா," என்று பிறகு ஸ்பேனர் இந்த மேசையருகே தரையில் உட்கார்ந்து சொன்னான். "கை வழுக்கிக்கிட்டுப் போச்சு. மூச்சு பட்டுப் பட்டு உள்ள கண்ணாடி வெள்ளையாயிடுச்சு. அவன் துடைச்சுத் துடைச்சு எங்களையே பாத்தான்மா."

கல்லால் கண்ணாடியை உடைத்தார்கள். தண்ணீர் உள்ளே போனது. அந்த இடுக்கு வழியாகத் தோள் வெளியே வரவில்லை.

சக்கரம் ஒட்டிய மறுநாள், சின்ன வண்டிக்குக் கண்ணாடிகள். தீப்பெட்டியில் வைத்திருந்தான். மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக்கில் வெட்டிய பட்டைகள். இதற்கு எந்தப் பசை என்று அவன் சொன்னது நினைவிருந்தது. "வெள்ளப் பசைதான். சூப்பர் க்ளூ பக்கமே போயிடாத. ஆவி அடிச்சு உள்ளுக்குள்ள எல்லாம் வெள்ளையாயிடும். அப்புறம் துடைக்கக் கைகூட நுழையாது."

வெள்ளைப் பசையை ஊசிமுனையில் தொட்டுத் தொட்டு வைத்தாள். முன்கண்ணாடியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தியபோது கொஞ்சம் பசை வழிந்தது. அதில் விரல்ரேகை பதிந்துவிட்டது. அந்தக் கட்டைவிரலில் மெழுகுக் கத்தி வெட்டிய பழைய தழும்பு ஒன்று சாய்வாக ஓடும். பசையிலும் சாய்வாக ஒரு கோடு. காய்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கும் வேகத்தடையில் உரசியது. அன்றைக்கும் தெருவில் யாரும் இல்லை.

ஸ்பேனர் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா."

"என்னத்தடா?"

"வேற ஆள வச்சு வேல பாக்குறீங்கன்னு. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு அத தொட மனசு வரலதான். ஆனா சொல்லியிருக்கலாம்."

"எந்த வேலடா? உள்ள வா மொதல்ல."

"சக்கரம் மாட்டியாச்சு. கண்ணாடி போட்டாச்சு. தார்ப்பாய மறுபடி போத்திக் கயிறு வேற கட்டியிருக்கான். பூட்டு பூட்டுனபடி இருக்கு. சாவிய யார்கிட்ட குடுத்தீங்க?"

"எங்கிட்ட ஏதுடா சாவி?"

அவன் தலையை நிமிர்த்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் போய்விட்டது. ஏதாவது சொல்லிச் சிரித்துவிட வேண்டும் போல அவனுக்கு இருந்திருக்கும்.

"அப்ப என்ன, எலி வந்து நட்டு முடுக்கிட்டுப் போச்சா?" என்றான்.

இருவரும் சிரிக்கவில்லை.

அவன் பைக்கிலேயே போனாள். கொட்டகையில் பழைய ஆயிலும் ஈர இரும்பும் நாறின. தகரக் கூரையில் எங்கோ ஒரு சொட்டு, விட்டு விட்டு, ஒரு வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஸ்பேனர் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தான். தேங்கியிருந்த தண்ணீர் சரிந்து அவள் காலில் கொட்டியது.

வண்டி தன் சக்கரங்களில் நின்றது. செங்கற்கள் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நசுங்கிய முன்பக்கம் நசுங்கியபடியே இருந்தது. துரு துருவாகவே இருந்தது. கண்ணாடிகள் மட்டும் புதிது. தெளிவு. விரலால் தட்டினாள். கண்ணாடிச் சத்தம் வரவில்லை. மந்தமாக, டப்பாவைத் தட்டியது போல இருந்தது.

"டிரைவர் சீட்டு நனைஞ்சிருக்கும்மா," என்றான் ஸ்பேனர். "மேல ஒழுகல. நான் பாத்துட்டேன். ஆனா நனைஞ்சிருக்கு." பிறகு, "இத பாருங்க. எந்தக் கூறுகெட்டவன் போட்டான்னு தெரியல. பசைய வழிய விட்டுட்டு, அதுல என்னமோ டிசைன் வேற."

முன்கண்ணாடியின் மூலை. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக இறுகிய பசை. அதில் வளைந்து வளைந்து ஓடும் மேடுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன், ஒன்றையொன்று தொடாமல், உழுத நிலம் போல. அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு பள்ளம்.

அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"என்னம்மா? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. மூடிடு."

"போலீசுக்குச் சொல்லுவோமா?"

"என்னன்னு சொல்லுவ? சக்கரம் காணோம்னு சொல்லலாம். சக்கரம் இருக்குதுன்னா சொல்லுவாங்க?"

திரும்பும் வழியில் மழை பிடித்தது. ஸ்பேனரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் எதையும் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவள் அதை நேராகப் பார்க்கவில்லை. வீடு வந்து, தலையைத் துவட்டி, மேசை விளக்கைப் போட்டு, சின்ன வண்டியின் வழவழத்த கதவைப் பார்த்தபோது அதுவே முன்னால் வந்து நின்றது.

முதலில் சின்னதில். அப்புறம் பெரியதில்.

கைப்பிடி மட்டும் இருந்திருந்தால்.

மறுநாள் லேப்பில் மெழுகில் இரண்டு கைப்பிடிகள் செதுக்கினாள். அரிசி நீளம். உருப்பெருக்கியில் பார்த்து, விரல் நுழையும் வளைவைக்கூட எடுத்தாள். பல்லுக்கு உறை வார்க்கும் உலோகத்தில் அவற்றை வார்த்தாள். பக்கத்து மேசைக்காரி எட்டிப்பார்த்தாள்.

"என்னக்கா இது, எறும்புக்குப் பல்லு கட்டுறியா?"

"ஆமா. ஒரே வலியாம். தூங்கவே இல்லையாம்."

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்கா ஜோக் அடிக்கிறாள் என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

சாயங்காலம் கதவில் கை வைத்தாள். துளைக் கருவியின் முனை பட்டதும் கறுப்பு பெயிண்ட் சுருண்டு விலகியது. அடியில் ரோஸ். அவள் குழைத்துக் கொடுத்த ரோஸ். இறுகி இத்தனை காலம் ஆகியும் திரவத்தின் நெடி குப்பென்று எழுந்தது, நேற்று வைத்தது போல. ஈரமாகத் தெரிந்தது. துடைத்துப் பார்த்தாள். பஞ்சு உலர்ந்துதான் இருந்தது. ஆயிரம் ஈறு பார்த்த கை அவளுடையது. ஆனாலும் துளை போட முனையை வைத்தபோது, உயிருள்ள வாயில் மருந்து போடாமல் இறக்குவது போல இருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று அவளையறியாமல் வாய் சொன்னது.

இரண்டு துளை இந்தக் கதவில். இரண்டு துளை அந்தக் கதவில். கதவுக் கோட்டையும் கத்தி முனையால் ஆழமாக்கினாள், இன்னும் கறுப்பாகத் தெரியும்படி. நன்றாகத் தெரிந்தது. பார்க்கிறவர்கள் திறக்கும் கதவு என்றே சொல்வார்கள்.

உலோகம் பிளாஸ்டிக்கில் நிற்க வேண்டும். வெள்ளைப் பசை தாங்காது. இழுத்தால் வந்துவிடும். இந்த ஒன்று மட்டும் வரவே கூடாது. இழுப்பைத் தாங்க வேண்டும். மேசை இழுப்பறையைத் துழாவி சூப்பர் க்ளூ எடுத்தாள். துளைக்குள் ஒரு சொட்டு. கைப்பிடியை இறக்கி அழுத்திப் பிடித்தாள். போதாது என்று தோன்றியது. வண்டியைக் கவிழ்த்து, கதவின் உள்பக்கமும் துளை வழியே வந்த நுனிகளில் தாராளமாக விட்டாள். பிறகு மேலுடம்பையும் அடிச்சட்டத்தையும் சேர்த்து மூடி, அந்த இணைப்பிலும் சுற்றிலும் அதையே ஓடவிட்டாள். எதுவும் ஆடக்கூடாது. எதுவும் இனிமேல் கழன்று வரக்கூடாது.

வண்டியைத் தெருவைப் பார்த்து வைத்தாள். கைப்பிடிகள் விளக்கில் பளிச்சென்றன.

நாற்காலியிலேயே, மேசையில் தலை வைத்து, எப்போதோ தூங்கிப்போனாள்.

கண் எரிச்சலில் விழித்தாள். மூக்கில் காரமான நெடி. விடிவதற்கு முந்திய நேரம். மழை விட்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகத்துக்கு நேரே, ஒரு முழத்தில், சின்ன வண்டி.

கண்ணாடிகள் வெள்ளையாக இருந்தன.

புறங்கையால் துடைத்தாள். போகவில்லை. வெளியே அல்ல. உள்ளே. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கத்து இடுக்குகள் எல்லாம் பால் விட்டு நிரப்பியது போல. யாரோ உள்ளே உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு விட்டது போல.

துடைக்கக் கைகூட நுழையாது.

"ஐயோ," என்றாள். "ஐயோ, மறந்துட்டேனே கண்ணு."

போன் அதிர்ந்தது. ஸ்பேனர்.

"அம்மா." மூச்சு வாங்கினான். "கொட்டகையில வண்டி இல்லம்மா. பூட்டு பூட்டுனபடி இருக்கு. தார்ப்பாய் மட்டும் தரையில கெடக்கு."

தெருமுனையில் தகரம் கல்லில் இழுபட்டது. நீளமாக. மெலிந்து. டக்.

"என்னம்மா சத்தம் அது? அம்மா?"

"வந்துட்டான்டா," என்றாள்.

எஞ்சின் சத்தம் இல்லை. ஈரத்தில் டயர் உருளும் சத்தம் மட்டும், நடந்து வருபவர் வேகத்தில். அது வாசலுக்கு நேரே வந்து நின்றது. பிறகு ஏதோ சொட்டும் சத்தம்.

செருப்புப் போடாமல் போனாள். வெளிக்கதவைத் திறந்தாள்.

கம்பத்து விளக்கின் கீழே வண்டி நின்றது. தாழ்வாக. கறுப்பாக. அடியிலிருந்து தண்ணீர் ஒழுகித் தெருவில் ஓடியது. குட்டைத் தண்ணீரின் பாசி வாடை. கண்ணாடிகள் வெள்ளை. உள்ளே எதுவும் தெரியவில்லை.

கதவில் கைப்பிடி இருந்தது.

அவள் செதுக்கியது. விரல் நுழையும் வளைவு. பல்லின் பளபளப்பு.

கிட்டே போனாள். ஜன்னல் இடுக்கில், வெள்ளைக்குப் பின்னால், ஒரு நிழல் எழுந்தது. கிறீச். ஈரமான உள்ளங்கை பிளாஸ்டிக்கில் வழுக்கும் சத்தம். வெள்ளையில் ஒரு வட்டம் தெளிந்தது. வட்டத்தில் விரல்கள். நகக்கண்ணில் கறுப்பு பெயிண்ட்.

"கண்ணு. இதோ. இதோ திறந்துடறேன்."

கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டு கையாலும். காலை ஊன்றி இழுத்தாள்.

கைப்பிடி வந்துவிட்டது.

கையோடு. மொத்தமாக. பசை இழை இழையாக நீண்டு அறுந்தது. அது இருந்த இடத்தில் இரண்டு துளைகள். துளைகளைச் சுற்றி ரோஸ். ஈரமான ரோஸ்.

கதவு அசையவில்லை. கதவுக் கோட்டில் நகத்தை விட்டாள். நகம் பள்ளத்தின் அடியைத் தொட்டது. அந்தப் பக்கம் போகவில்லை. இடைவெளி இல்லை. சுற்றிச் சுற்றித் தடவினாள். மேலே. கீழே. எங்கும் அடி இருந்தது. கதவு இல்லை. கதவுக்கான கோடுதான்.

மறுபக்கக் கதவுக்கு ஓடினாள். அதன் கைப்பிடியும் கையோடு வந்தது.

வட்டம் வெளுத்து மூடிக்கொண்டது. கிறீச். மறுபடி தெளிந்தது. உள்ளேயிருந்து தட்டினான். மெதுவாகத்தான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தால் தட்டுவது போல.

கல்லை எடுத்து இடுக்கில் அடித்தாள். உடையவில்லை. வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்தது. மறுபடி. இன்னொரு தழும்பு. விரல் தடிமன் பிளாஸ்டிக். அவளே ஒட்டியது.

"இரு. ரம்பம் எடுத்துட்டு வரேன். சின்னத வெட்டிடறேன். சின்னதுல வெட்டுனா இதுலயும். இரு கண்ணு, இதோ வந்துட்டேன்."

அவள் திரும்பியதும் தட்டல் வேகமாகியது. உள்ளே ஓடினாள். ஒரு கையில் ரம்பம். ஒரு கையில் சின்ன வண்டி. வெளியே வந்து விளக்கின் கீழே மண்டியிட்டாள்.

சின்ன வண்டியின் ஜன்னலில், வெள்ளையில், கடுகளவு ஒரு தெளிவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியது. மறுபடி தெளிந்தது.

கூரையில் ரம்பத்தை வைத்தாள். தெருவில் தட்டல் நின்றது. காத்திருந்தான்.

கூரைக்கும் அவன் தலைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. அவள்தான் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள்.

ரம்பத்தை எடுத்தாள். கதவில் வைத்தாள். கதவில் அவன் தோள் சாய்ந்திருந்தது. ஜன்னலில் வைத்தாள். ஜன்னலில் அவன் கை. எங்கே வைத்தாலும் அவன் இருந்தான். பிளாஸ்டிக்கின் மறுபக்கம், தாள் தடிமன் தூரத்தில். ரம்பம் வழுக்கியது. ரம்பத்தின் பற்கள் கறுப்பில் ஒரு சின்னக் கீறல் போட்டன.

பின்னால் பெரிய வண்டியின் தகரம் நீளமாகக் கிழிபட்டது. உள்ளே யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

ரம்பம் கையிலிருந்து விழுந்தது.

தெருவின் ஒரு முனை வெளுக்கத் தொடங்கியிருந்தது. எங்கோ தூரத்தில் ஸ்பேனரின் பைக். அவள் எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பெரிய வண்டியின் ஜன்னலில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். கைப்பிடிகள் காலடியில் கிடந்தன. உள்ளே கை துடைத்தது. வெள்ளை வந்து மூடியது. கை துடைத்தது. வெள்ளை வந்து மூடியது. ஒவ்வொரு முறையும் துடைத்த வட்டம் முன்னதைவிடச் சிறியதாக இருந்தது.